பாராமகாலில் ஒரு தலைமைப் பரீட்சை

தருமபுரி வரலாற்றைப் புரட்டினால் தாமஸ் மன்றோவைத் தவிர்க்க முடியாது. ரயத்துவாரி முறையோடு சேர்த்தே அவரைப் படித்திருப்போம். ஆனால் அவர் 1780-ல் சென்னைக்கு வந்து இறங்கியது காலாட்படை கேடட்டாக. ஒரு பட்டாளத்துக்காரர் கையில் வரி வசூல் எப்படிப் போச்சு?

1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். வழக்கப்படி சென்னையின் சிவில் அதிகாரிகள்தான் அங்கே போகணும். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை நம்பவில்லை. உள்ளூர் மொழி தெரியாமல் துபாஷிகளையே சார்ந்திருக்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. அதனால் கேப்டன் அலெக்சாண்டர் ரீடைத் தேர்ந்தெடுத்தார். ரீடுக்கு உதவியாக மன்றோ, மெக்லியாட், கிரஹாம் என்று மூன்று பேர், அவர்களும் ராணுவத்தார்தான்.

ரீட், ஆம்பூரிலிருந்து மைசூர் பற்றிய உளவுச் செய்திகளைத் திரட்டியவர். மன்றோ அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். ஆக, இங்கே எடைபோடப்பட்டது வாள்வீச்சு இல்லை. மொழி அறிவு, ஊர்க்காரர்களிடம் பேசி விஷயத்தை வாங்கும் திறமை, கேட்டதைச் சரிபார்க்கும் பொறுமை. இதெல்லாம் ஏற்கெனவே களத்தில் தெரிந்திருந்தது.

கணிப்பு பலித்ததா? மன்றோ விஷயத்தில் பலித்தது. 1799 வரை ஏழு வருஷம் தருமபுரி பகுதியில் இருந்து நிலவரியைக் கற்றார். 1820-ல் சென்னை கவர்னரே ஆனார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் மெக்லியாட் இருக்கிறாரே! அதே ரீடிடம், அதே வேலையில் பழகியவர். 1801-ல் மலபாரின் முதன்மைக் கலெக்டராகப் போனார். வரியை ஏற்றினார், ஜனங்களின் ஆயுதங்களைப் பறிக்கப் பார்த்தார். கலகம் வெடித்தது, 1803-ல் பதவியை விட்டார். மன்றோவோ 1807-ல், தான் நிர்வகித்த கடப்பை, பெல்லாரி பகுதிகளில் வரியை 25 சதவீதம் குறைக்கணும் என்று பரிந்துரை செய்தார்.

ஒரு பள்ளி, இரண்டு மாணவர்கள், இரண்டு முடிவுகள். ஜெயித்தவரை மட்டும் காட்டி "தேர்வு முறை சரி" என்று சொல்வது கணக்காகாது. தோற்றவரையும் சேர்த்து எண்ணணும்.

1943-ல் இந்தியாவில் ராணுவத் தேர்வு வாரியங்கள் தொடங்கின. இன்றைக்கு எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள், உளவியல் சோதனை, குழுப் பணி, நேர்காணல் என்று பதினைந்து குணங்களைப் பார்க்கிறார்கள். காரன்வாலிஸ் காலத்தைவிட எவ்வளவோ முறையானது. இருந்தும் அடிப்படைக் கேள்வி மாறவில்லை: ஐந்து நாளில் பார்த்த குணம், பத்து வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு நெருக்கடியில் நிற்குமா?

இன்னொன்றும் உண்டு. கும்பினி தன் அதிகாரிகளை வசூலை வைத்து அளந்தது. பாராமகால் குடியானவனும் அவர்களை அளந்திருப்பான். விளைச்சலில் தனக்கு மிஞ்சியதை வைத்து. தலைமையை யார் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மதிப்பெண்ணும்.