சுமைதாங்கிக் கல் கேட்காத கேள்வி

தென் மாவட்டங்களின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கல், மேலே குறுக்காக ஒன்று. தலைச்சுமைக்காரர் துணையில்லாமலே சுமையை இறக்கி ஏற்றலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் நினைவாக வைப்பது வழக்கம். அவள் இறக்காமல் போன சுமைக்கு ஈடாக வழிப்போக்கர் சுமையாவது இறங்கட்டும் என்று நம்பினார்கள். இரக்கமுள்ள நம்பிக்கைதான். ஆனால் அவள் ஏன் செத்தாள் என்று கல் கேட்பதில்லை.

அரசும் வெகுகாலம் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் மகப்பேறு மரணத் தணிக்கை 1990களில் தொடங்கி, 2004இல் கட்டாயமானது. கிராம சுகாதாரச் செவிலியர் தகவல் தர, விசாரிப்பவர்கள் இறந்தவளின் வீட்டுக்கே வருவார்கள். வலி எத்தனை மணிக்குக் கண்டது? வண்டி எப்போது வந்தது? முதலில் போன ஆஸ்பத்திரி ஏன் வேறிடத்துக்கு அனுப்பியது? ரத்தம் இருந்ததா? வீடு 'விதி' என்ற இடத்தில் மணிக்கணக்கு எழுதப்பட்டது. பெண்ணின் சாவு ஆராயத்தக்கது என்று அரசுக் காகிதம் ஒப்புக்கொண்டதையே நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

மணிக்கணக்கின் அருமை பாளையம்பட்டிக்காரர்களுக்குத் தெரியும். மதுரைப் பெரியாஸ்பத்திரி இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் திடமானவளும் சில மணி நேரத்தில் போய்விடுவாள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி இரவிலும் பிரசவம் பார்த்தார்கள். 2008இல் 108 வண்டி வந்தது. விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022இல்தான். லட்சம் பிறப்புக்கு, 2001-03இல் 134 தாய்மார் இறந்த மாநிலத்தில் 2018-20இல் 54 பேர். இந்திய அளவில் அப்போது 97.

1987இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி இன்று 18,000. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் வழங்கப்படுவது அது. ஆனால் முதல் இரண்டு பேறுக்கு மட்டும். ஆண்பிள்ளை வேண்டுமென்று வீடு மூன்றாவதுக்கு நிர்ப்பந்தித்தால் தண்டனை அவளுக்கு. பெண்ணின் பெயரை வைத்துக்கொண்டு இப்படியொரு நிபந்தனை!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. சோகையுள்ள உடம்பு கொஞ்சம் உதிரப்போக்கையும் தாங்காது. இரும்புச்சத்து மாத்திரை வீடுதேடி வருகிறது. கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்னும் பழக்கமோ இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. அங்கே எந்தத் தணிக்கையும் வந்ததில்லை.