ஊன்றுகோலும் உந்துகோலும்: நார்டிக் நடையின் வரலாறு குறித்து ஒரு மறுப்பு

இரு கோல்களால் உந்தி நடக்கும் நார்டிக் நடையின் வரலாற்றை ஆராய்பவர் எவரும் ஆய்வாளர்களான எலிசபெத் ஷோவ், மிகா பான்ட்சார் இருவரும் 2005இல் வெளியிட்ட கட்டுரையைத் தவிர்க்க இயலாது. கருவி, திறன், அதற்குச் சமூகம் ஏற்றும் பொருள் ஆகிய மூன்றும் கூடும்போதே ஒரு பழக்கம் உருவாகிறது. நாட்டுக்கு நாடு அது புதிதாகப் பிறக்கிறது என்பது அவர்கள் வாதம். இதுவரை உடன்பாடே. ஆனால் கோல் என்றாலே தளர்ச்சி என்றிருந்த எண்ணத்தை மாற்றி, அதை நலவாழ்வின் சின்னமாக்கியதற்கு அவர்கள் தரும் அழுத்தத்தை ஏற்க முடியவில்லை. கோலில் கை செலுத்தும் விசையின் திசை முதலில் மாறியது: கீழ்நோக்கித் தாங்கியது பின்னோக்கி உந்தத் தொடங்கியது. மக்களின் பார்வை அதைப் பின்தொடர்ந்தது என்பதே என் கருத்து.

இதற்குச் சான்று கைப்பட்டை. பின்லாந்து மரபுக் கோலில் அது பாதிக் கையுறை போல உள்ளங்கையைச் சுற்றிக் கைப்பிடியோடு இணைந்திருக்கும். கோலின் நுனி முன்னே வைத்த பாதத்துக்குப் பின்னால், சாய்வாகத் தரையில் பதியும். கை இடுப்பைக் கடந்து பின்னே செல்லும்போது விரல்கள் விரிய, உள்ளங்கை பட்டையை அழுத்தி உடலை முன்னே தள்ளும். கை முன்னே வரும்போது பட்டையே கோலை இழுத்து வரும். பனிச்சறுக்கு வீரரின் கை இயக்கம் இது. ஊன்றுகோலோ எடையைக் கீழ்நோக்கித் தாங்குவது.

அமெரிக்காவில் 1988இல் வந்த எக்சர்ஸ்டிரைடர் கோல் இவ்வாதத்துக்கு இடைஞ்சல்தான். அதில் பட்டை இல்லை. கை முன்னே நீண்டு கோலை ஊன்றுகிறது. ஆயினும் அதுவும் உடற்பயிற்சிக் கருவியாகவே விற்கப்பட்டது. ஆனால் அதிலும் அகன்ற அடிப்பகுதி கொண்ட கைப்பிடியை அழுத்தித்தான் நடப்பவர் தம்மை உந்துகிறார். பட்டைக்கு மாற்றுவழி கண்ட வடிவமாகவே இதைக் கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் பரவியது பட்டை வைத்த வடிவமே. பரவலுக்குப் பட்டைதான் காரணம் என்று இதிலிருந்து அறுதியிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நார்டிக் நடையின் தொடக்க ஆண்டிலும் ஒருமித்த கருத்தில்லை. 1966இல் பின்லாந்தின் லீனா யாஸ்கெலைனன் பள்ளி மாணவருக்குக் கோல் நடையைக் கற்பித்ததிலிருந்து சிலர் தொடங்குவர். வேறு சிலர் மௌரி ரெப்போவின் 1979ஆம் ஆண்டு நூலிலிருந்து. எக்ஸெல் நிறுவனம் தன் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1997இல். மூன்றும் வெவ்வேறு வகைத் தொடக்கங்கள். ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ள நான் விரும்பவில்லை.

முதியோருக்கான நன்மைகளைப் பேசும்போதும் இந்தத் திசை வேறுபாடு மறக்கப்படுகிறது. சர்ச்சும் உடன் ஆய்வாளரும் டாலஸில் நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனையில், சாதாரண நடையைவிட நார்டிக் நடையில் ஆக்சிஜன் பயன்பாடு சராசரியாக 20 விழுக்காடு கூடியது. ஆனால் நடந்தவர்கள் 30 வயதை ஒட்டியவர்கள். அந்த எண்ணை 70 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தலாகாது. முழங்கால் சுமை குறையும் என்பது இன்னும் பலவீனமான கூற்று: அனுபவமுள்ள பயிற்றுநரை வைத்து ஹான்சன் குழுவினர் அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் அது குறையவில்லை. உந்துவதற்காக அமைந்த கோலிடம் தாங்கும் வேலையை எதிர்பார்த்ததன் விளைவே இந்த ஏமாற்றம். முதியோரிடையே தகேஷிமா குழுவினர் 12 வாரம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வோ, வெறும் நடைப்பயிற்சியால் கிட்டாத மேலுடல் வலிமை இதில் கிட்டியதைக் காட்டியது. கை உந்துகிறது என்பதோடு இது பொருந்துகிறது.

ஆகவே மூட்டுவலிக்காரருக்குக் கோலைப் பரிந்துரைக்கும் மருத்துவர்கள் முழங்கால் சுமை குறையும் என்று உறுதி கூறலாகாது. பின்னோக்கி உந்தும் முறையைக் கற்றுக்கொடுத்த பிறகே கோலைக் கையில் கொடுக்க வேண்டும்.