ஹெடர்

‘தலை’ என்று பொருள்படும் ‘ஹெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து கிளைத்தது ‘ஹெடர்’. சுவர் முகப்பில் குறுகிய பக்கம் தெரியும்படி பதிக்கப்படும் செங்கலுக்கும் இதே பெயர்தான். வலைக்கு இச்சொல்லைக் கொடுத்தது மின்னஞ்சல். அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகிய வரிகளை 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தர ஆவணம் ‘ஹெடர் புலங்கள்’ என்றது. பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்ற அதே வடிவத்தை வலையின் நெறிமுறையான எச்டிடிபியும் எடுத்துக்கொண்டது.

கறாராகப் பார்த்தால் ஹெடர் என்பது மேற்பகுதி முழுவதும்; ஒரு வரி வெறும் புலம். 2022இன் ஆர்எஃப்சி 9110 ‘புலம்’ என்ற சொல்லையே முன்னிறுத்துகிறது. நிரலர்களோ ஒவ்வொரு வரியையும் ஹெடர் என்றே அழைக்கிறார்கள். இனி மாற மாட்டார்கள்.

பெயர் ஒருபுறமிருக்க, நிரல் நூலகம் எழுதுபவருக்கு வேறொரு சிக்கல். பெயரைக் கொடுத்தால் மதிப்பு கிடைப்பதால், ஹெடர்கள் அகராதி போலத் தோன்றும். ஆனால் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. ஒரே பெயர் பலமுறை வரலாம். கோ நிரல்மொழி ஒவ்வொரு பெயருக்கும் மதிப்புகளின் பட்டியல் ஒன்றை வைக்கிறது: ‘செட்’ செயல்கூறு பழையதை அழித்து எழுதும், ‘ஆட்’ கூடச் சேர்க்கும், ‘கெட்’ முதல் மதிப்பை மட்டும் தரும். நேர்மையான வடிவமைப்பு என்பேன். பல மதிப்புகளைக் காற்புள்ளியால் இணைத்து ஒரே வரியாக்கலாமே என்றால், குக்கியை அனுப்பும் ‘செட்-குக்கி’ ஹெடர் குறுக்கே நிற்கிறது. அதன் காலாவதித் தேதிக்குள்ளேயே ஒரு காற்புள்ளி உண்டு.

ஹெடரைத் தமிழில் ‘தலைப்பு’ என்றால் கட்டுரைத் தலைப்பு நினைவுக்கு வரும். ‘தலைப்பகுதி’, அதற்குள் ‘புலம்’ என்பதே பொருந்தும்.