திருநாளைப் போவாரும் திரை நந்தனாரும்

மம்பாவ் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பெரிய புராணத்தைக் கொண்டு நந்தனார் வரலாற்றைக் கற்பிக்கப் புகும் தமிழாசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. “வேதியர் உத்தரவு கொடுத்தாரா?” என்று பிள்ளைகள் கேட்பர். அந்த வேதியரோ சேக்கிழார் நூலில் இல்லை!

சேக்கிழார் காட்டும் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியினர். ஊரார் விட்ட மானிய நிலத்தைக் கொண்டு வாழ்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு புரிந்தவர். ‘நாளைப் போவேன்’ என்று அவர் நாள் கடத்தியது, எவரும் விடை தராமையால் அன்று. தம் பிறப்பை எண்ணிய தயக்கத்தால். தில்லையை அடைந்த பின்னரும் எல்லையிலேயே நின்று, இரவு பகலாக ஊரை வலம் வந்தார். எனவே, அங்கும் தடை இல்லாமலில்லை. ஆனால் அதற்கு ஒரு முதலாளியின் முகம் இல்லை.

அம்முகத்தை வரைந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்தை ஓரிரவில் அறுவடை செய்தால்தான் சிதம்பரம் போகலாம் என்னும் நிபந்தனை அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் வருவதே. வேலையைச் சிவகணங்கள் முடித்து வைக்க, வேதியர் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

திரையுலகம் கைக்கொண்டது இவ்வடிவத்தையே. 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ரில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் தோன்றினர். ஏழை அடியாராக நடிக்க அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் பெரும் பேச்சு. 1942-இல் ஜெமினியின் ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். மதுரை மீனாட்சி கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1939-இல்.

சேக்கிழாரில் இறையருள் தொண்டரை நெருப்பில் மூழ்குவித்து, முந்நூல் அணிந்த முனிவராக எழச் செய்கிறது. மாற வேண்டியவர் நந்தனாரே போலும்! பாரதியாரிலும் தீக்குளியல் உண்டு. எனினும் அதற்கு முன்பே, வயலருகில் ஆண்டையின் மனம் மாறிவிடுகிறது. இப்பகுதி நூலுக்குப் புறம்பானது என்று ஆசிரியர் தள்ளிவிடுதல் எளிது, முறையன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஒருநாள் விடுப்புக்கும் கிராணியையும் துரையையும் நாடி நின்ற மக்களின் பேரப்பிள்ளைகள் அவ்விடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.