உள்ளே திரும்பும் நோய்

கைக்குழந்தையின் கன்னத்தில் செந்தடிப்பும் நீர்க்கசிவும் கண்டால் நம் வீடுகளில் கரப்பான் என்போம். பாலூட்டும் தாயின் இலையிலிருந்து கத்தரிக்காயும் கருவாடும் உடனே விலகும். ஐரோப்பியர் இதைப் ‘பாற்பொருக்கு’ என்றழைத்தனர். அங்கும் பெயருக்குள் பால் புகுந்திருப்பதைக் கவனிக்கலாம்.

அதைவிடக் கொடியது இன்னொரு நம்பிக்கை. புண்ணை ஆற்றினால் கெட்ட நீர் உள்ளே திரும்பி உயிரைக் குடித்துவிடும் என்று மருத்துவர்களே அஞ்சினர். ஆற்றாமல் விடுவதே வைத்தியமாயிற்று. இரவெல்லாம் சொறிந்து அழுத குழந்தைகள் எத்தனையோ!

வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா (1816–1880) இதை மறுத்தார். நோய் தோலில் இருக்கிறது, மருந்தையும் அங்கேயே இடலாம் என்றார். அவர் களிம்பில் ஈயம் இருந்தது வேறு கதை. 1923இல் கோக்காவும் குக்கும் ‘அடோபி’ என்ற சொல்லைத் தந்தபின் நோய் ஆஸ்துமாவோடு ஒவ்வாமைக் கணக்கில் சேர்ந்தது. பழி மீண்டும் உணவின்மீது சாய்ந்தது. 2006இல் டண்டியில் இர்வின் மக்லீன் குழுவினர் ஃபிலாக்ரின் என்னும் தோற்புரதத்தின் மரபணுப் பழுதைச் சுட்டியபோது, ஹெப்ரா பாதி வென்றார் எனலாம். வேலி பழுதானால் ஈரம் வெளியேறும், ஒவ்வாதவை உள்ளே நுழையும்.

ஆயினும் பிறந்தது முதல் ஓராண்டு நாள்தோறும் ஈரப்பசைக் களிம்பு பூசியும் நோய் வருவது குறையவில்லை என்று 2020இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. வந்தபின் பூசுவது பயன்தரும்.

1952இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பின் பலனை வெளியிட்டனர். ஸ்டீராய்டு என்றதும் அஞ்சி, மருத்துவர் எழுதித்தந்த குழாயை அலமாரியில் வைத்துவிடும் பெற்றோரை இன்றும் காண்கிறோம். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசினால் குழந்தை உறங்கும்.