எரிந்த படங்களும் பிழைத்த ஒரு படமும்

போன மாசம் காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டோடு கிடந்தேன். டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். அதை நான் படம் பார்க்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன் :-)

சினிமாவைப் பற்றிய சினிமா என்றால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அதனால் அந்த வாரம் முழுக்க அதே வரிசைதான். ஸ்கார்சேஸியின் 'ஹ்யூகோ' (2011), பி.கே. நாயரைப் பற்றிய ஆவணப்படம் 'செல்லுலாய்ட் மேன்' (2012), மலையாளத்தில் கமல் எடுத்த 'செல்லுலாய்ட்' (2013. நம்ம கமல் இல்லை, இவர் வேற), அப்புறம் 'ஜூபிலி' (2023) என்ற இந்தித் தொடர். நடுவில் கண் எரிந்தபோது படிக்க ஒரு புத்தகம்: வினு ஆபிரகாமின் 'நஷ்டநாயிகா' மலையாள நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பில்.

எல்லாத்துக்கும் தனித்தனியா நாலு வரி விமர்சனம் எழுதி மார்க் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எல்லாமே ஒரே கதையில் போய் நின்றது. போதாக்குறைக்கு அந்தக் கதை எங்க ஊர்ப் பக்கத்துக் கதையாகவும் இருந்து தொலைத்தது.

'ஹ்யூகோ'விலிருந்து ஆரம்பிக்கிறேன். பாரிஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்திருக்கும் சிடுசிடு கிழவர்தான் ஜார்ஜ் மெலியெஸ் என்று நடுவில் தெரியவரும். 1902இல் நிலாவுக்கு ராக்கெட் விட்டுப் படம் எடுத்த மனுஷன். ஐந்நூறுக்கும் மேல் படம் எடுத்தவர், கடைசியில் நிஜமாகவே மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மை விற்றார். 1923இல் தன் நெகடிவ்களைத் தானே எரித்தார். அதற்கு முன்பே, முதல் உலகப் போர் சமயத்தில், அவர் படச்சுருள்கள் பலவற்றை ராணுவம் எடுத்துக்கொண்டு போய் உருக்கிவிட்டது. பூட்ஸ் குதிகால் செய்வதற்கு! படம் எனக்குக் கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் குதிகால் சமாச்சாரம் மட்டும் மண்டையை விட்டுப் போகவே இல்லை. ஒருத்தன் கண்ட கனவின் மேல் சிப்பாய்கள் லெஃப்ட் ரைட் போட்டு நடந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைத்தால், 'செல்லுலாய்ட் மேன்' நம்ம யோக்கியதையைக் காட்டிவிடுகிறது.

1964இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கிய காலத்திலிருந்து ஊர் ஊராக அலைந்து படப்பெட்டி சேர்த்தவர் பி.கே. நாயர். 1991இல் ஓய்வு பெற்றார், 2016இல் இறந்தார். நம் நாட்டில் ஆயிரத்துக்கு மேல் மௌனப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். அதில் முழுசாக மிஞ்சியவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், அதுவும் பெரும்பாலும் இந்த மனுஷன் புண்ணியத்தில்.

மற்றதெல்லாம் எங்கே போச்சு? அந்தக்கால ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கஷ்டம். வைத்த இடத்திலேயே பிசுபிசுத்துப் பொடியாகவும் போகும். இன்னொரு பக்கம், அந்த ஃபிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தைக் கழுவினால் வெள்ளி கிடைக்கும், மிச்சத்தில் வளையல் செய்யலாம். இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' (1931) சுருள்களும் இப்படி வெள்ளிக்காகத்தான் போனது என்று அந்தக் குடும்பத்திலேயே சொன்னதாக நாயர் சொல்கிறார். கேட்கும்போது வயிறு எரிகிறது.

தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். எடுத்த வருஷத்தையே 1916, 1917, 1918 என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். சரிபார்க்கப் படம் இல்லை. 1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம், அதுவும் இல்லை. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' என்று தானே ஒரு படத்தை எழுதி இயக்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண்! அதையும் இன்று பார்க்க வழியில்லை.

சரி, இப்போ எங்க ஊர்க் கதைக்கு வருகிறேன்.

எனக்கு நாகர்கோவில். டவுன் பஸ் ஏறினால் அகஸ்தீஸ்வரம் போய்விடலாம். சின்ன வயசில் எத்தனையோ முறை அந்த வழியாகக் கன்னியாகுமரி போயிருக்கிறேன். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளாவே கொண்டாடுகிற ஜே.சி. டேனியலின் ஊர் அதுதான், கடைசிக் காலத்தை அவர் கழித்ததும் அங்கேதான் என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு மலையாளப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கம்தான்.

டேனியல் வசதியான குடும்பம். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். கதை, கேமரா, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே. ஊரெல்லாம் புராணப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, சிலோனுக்குக் கடத்திப் போகப்பட்ட ஒரு பையனைப் பற்றிய சமூகக் கதையை எடுத்திருக்கிறார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்டார்கள். அது 1928ஆ 1930ஆ என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை.

கதாநாயகி பி.கே. ரோஸி. தலித் பெண், புல் அறுத்துப் பிழைத்த குடும்பம். காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேஷம், பெயர் சரோஜினி. அவ்வளவுதான். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக வந்து நிற்பதா என்று தியேட்டரில் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். தான் நடித்த படத்தை அங்கே உட்கார்ந்து பார்க்கக்கூட ரோஸிக்கு இடமில்லை. பிறகு அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். உயிர் தப்பி ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தார், அந்த லாரி ஓட்டுநரையே கல்யாணம் செய்து ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார் என்று சொல்கிறார்கள்.

எங்க ஊரில்! வடசேரிச் சந்தையிலோ ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பிலோ அந்த அம்மா எங்க பாட்டா பக்கத்தில் நின்றிருக்கலாம். (தாத்தாவை நாங்கள் பாட்டா என்போம்.) பாட்டா சினிமாப் பைத்தியம். ஆனால் பக்கத்தில் நிற்பது ஒரு கதாநாயகி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

'ஜூபிலி' தொடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செட்டும் ஒளிப்பதிவும் பிரமாதம், கதை கடைசியில் கொஞ்சம் நொண்டுகிறது. அதில் வரும் ஸ்டுடியோவும் முதலாளியம்மாவும் பாம்பே டாக்கீஸையும் தேவிகா ராணியையும் ஞாபகப்படுத்தும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி ஒன்று தோன்றியது. 1936இல் தேவிகா ராணி 'அச்சுத் கன்யா'வில் தீண்டத்தகாத சாதிப் பெண்ணாக நடித்தார். அவர் தாகூர் குடும்பத்துக்கு உறவு. நாடே கொண்டாடியது. பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது வாங்கிய முதல் ஆளும் அவர்தான். அதற்குச் சில வருஷம் முன்னால், நிஜமான தலித் பெண் ஒருத்தி மேல்சாதிப் பெண்ணாக நடித்ததற்குக் கல்லெறி. மேலே இருப்பவர் கீழே இறங்கி நடித்தால் கலை. கீழே இருப்பவர் மேலே ஏறி நடித்தால் குற்றம். 'அச்சுத் கன்யா'வை இன்றைக்கும் பார்க்கலாம். 'விகதகுமார'னைப் பார்க்க முடியாது.

ஏன் முடியாது? டேனியல் கடனாளியாகி, பல் டாக்டராகிப் பிழைத்து, வறுமையிலேயே 1975இல் இறந்தார். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு நாங்கள் எப்படி உதவித்தொகை தருவது என்று கேரள அரசு கைவிரித்தது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு அவர் என்ன பண்ணுவார்? 1992இல் அதே கேரளா அவர் பெயரில் பெரிய விருதை ஏற்படுத்தியது. அந்தப் படச்சுருளின் கதி இன்னும் கொடுமை. அவருடைய சின்ன மகன் விவரம் தெரியாத வயசில் அதைக் கொளுத்தி விளையாடிவிட்டான். நீல நிறத்தில் பற்றி எரியும் அழகைப் பார்ப்பதற்காக. கமல் படத்தில் அந்தக் காட்சியில் நான் அழுதுவிட்டேன். காய்ச்சல் வேறயா, வீட்டில் பயந்துபோய் தெர்மாமீட்டரை எடுத்து வந்துவிட்டார்கள்.

பிருத்விராஜ் டேனியலாகவே வாழ்ந்திருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. படம் ரோஸியைப் பாதியிலேயே விட்டுவிட்டு டேனியல் பின்னாலேயே போய்விடுகிறது. ரோஸியை எதைப் பார்த்தாலும் கண் கலங்கி வாய் பிளந்து நிற்கும் பெண்ணாகவே காட்டுகிறார்கள். மேடையில் கூட்டத்துக்கு நடுவே நின்று பழகிய நாடகக்காரி அப்படியா இருந்திருப்பார்? வினு ஆபிரகாமின் நாவலைப் படியுங்கள், அவர் ரோஸி பின்னாலேயே போகிறார். ரோஸியின் முகத்தைச் சரிபார்க்க ஒரு ஃப்ரேம்கூட மிஞ்சவில்லை. அவர் படம் என்று சுற்றுகிற புகைப்படம் அவருடையதுதானா என்பதிலேயே தகராறு. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்து வைத்தது. அதுவும் ஓவியர் கற்பனைதான்.

இப்போது தலைப்பில் சொன்ன பிழைத்த படம். மலையாளத்தின் இரண்டாவது மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா', 1933. எடுத்தவர் டேனியலின் உறவினரான சுந்தர்ராஜ். அவரும் நாகர்கோவில்காரர்! சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கினார், ஆனால் நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தகக் கடையிடம் அனுமதி வாங்கவில்லை. வழக்கு. படம் முடக்கம். தயாரிப்பாளர் நடுத்தெருவுக்கு வந்தார். பிரிண்ட் புத்தகக் கடைக்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்து, அங்கேயே கிடந்தது. 1974இல் திரைப்படக் காப்பகம் அதைத் தேடி எடுத்தது. தென்னிந்திய மௌனப் படம் எப்படி இருக்கும் என்று இன்று நமக்குக் காட்டுவது அந்த ஒரு படம்தான்.

யோசித்துப் பாருங்கள். பாசமாக வீட்டில் வைத்திருந்த படம் எரிந்துபோச்சு. சண்டை போட்டுப் பிடுங்கி வைத்த படம் பிழைத்துக்கொண்டது. எடுத்தவனின் ஆசைக்கும் படத்தின் ஆயுசுக்கும் சம்பந்தமே இல்லை போல. எவனோ ஒருத்தன் எதற்காகவோ பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வைக்க இடமில்லாதவர்களின் சுவடுதான் முதலில் அழியும். டேனியல் பெயரிலாவது ஒரு விருது இருக்கிறது.

இவ்வளவும் எழுதியவன் இன்னொன்றையும் எழுதாவிட்டால் அயோக்கியத்தனம்.

எங்க பாட்டாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நிறைய சினிமாப் பாட்டுப் புஸ்தகங்கள். தியேட்டர் வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கம் போட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும், அதே தான். முப்பதுகளிலிருந்து சேர்த்தது என்பார். அவர் செத்து இரண்டு வருஷம் கழித்து, கோடை லீவில், நானும் சித்தி மகனும் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். பெட்டியைத் தனியாக நிறுத்தார். வந்த காசில் சேமியா ஐஸ் வாங்கித் தின்றோம். ஆச்சிக்குத் தெரிந்தபோது திட்டவில்லை, அடிக்கவில்லை. 'அவ்வோ போனதே இன்னைக்குத்தான் மக்ளே' என்று மட்டும் சொன்னாள்.

படம் அழிந்தபின் பல படங்களுக்கு மிஞ்சியிருப்பது பாட்டுப் புஸ்தகம்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற போர்டு எழுதும் ஓவியர் கைக்காசைப் போட்டுச் சேர்த்த பழைய புத்தகங்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. சினிமாப் பாட்டுப் புஸ்தகங்களும் அங்கே உண்டு. அவரும் சம்பாதித்துக் குவித்த ஆள் இல்லை. எடைக்குப் போடாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

'செல்லுலாய்ட்' படத்தில் அந்தப் பையன் சுருளைக் கொளுத்தும்போது நான் யாருக்காக அழுதேன் என்று இப்போது புரிகிறதா?

உங்க வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்க மக்கா. உள்ளே என்ன இருந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எடைக்கு மட்டும் போட்டுடாதீங்க.