ஒப்புவித்தலும் உணர்தலும்: மன்னார்க் கரையிற் சொற்கல்வியின் வரலாறு

சிறுவர்க்குக் கற்பிக்கப்படுவனவற்றுள் முதன்மையானது சொல். எழுத்தறிவும் இலக்கண அறிவும் சொல்லறிவின் வழியாகவே பயன்தருவன. ஆயினும், மாணவன் ஒரு சொல்லை அறிந்துவிட்டான் என்பதை ஆசிரியர் எவ்வாறு துணிவது? நெடுங்காலமாக இவ்வினாவுக்கு அளிக்கப்பட்டுவந்த விடை, ஒப்புவித்தல் என்பதாகும். அவ்விடை எத்துணைக் குறைபாடுடையது என்பதை மன்னார்த் தீவினதும் அதனையடுத்த கரைகளினதும் கல்வி வரலாறு நன்கு காட்டுகின்றது.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் முத்துக்குளிப்புத் தொழிலாற் பிணைப்புண்டவை. அவற்றுள் தமிழகக் கரைக்கு 1542ஆம் ஆண்டிற் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தமிழறியாத அவர், இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கொண்டு செபங்களைத் தமிழிற் பெயர்ப்பித்துத் தாமும் மனனஞ் செய்தார். பின்னர்க் கைமணி ஒலித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். கற்றவற்றை வீட்டிற் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்குமாறும் அவர்களைப் பணித்தார். சிறுவர் வரி பிறழாது ஒப்புவித்தனர்.

ஆயின், 1544இல் தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு திருத்தத்தை அறிவிக்க நேர்ந்தது. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அது விரும்புதலைக் குறிப்பதாதலின், விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அவ்விடத்திற் பயன்படுத்துமாறு அவர் எழுதினார். பிழையின்றி ஒப்புவித்த மாணவர் பிழையான சொல்லையே ஒப்புவித்துவந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒப்புவித்தல் நாவின் பயிற்சியை அளந்தது, பொருளுணர்வை அளக்கவில்லை.

இதனை வெறும் மொழிபெயர்ப்புப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. அதே 1544இல் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவந் தழுவியோர் பலர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். நம்புதல் என்னும் சொல்லின் பொருள் அக்காலத்தில் மன்னார் மக்களுக்கு வகுப்பறைக்குள் அடங்கியதன்று.

1560இற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். இரு கரைகளிலும் பணிபுரிந்த அன்றிக்கே அன்றிக்கஸ் பாதிரியார், மக்கள் வழக்கைக் கேட்டுத் தமிழ் பயின்று, போர்த்துக்கேய மொழியில் தமிழிலக்கணம் ஒன்றையும் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இற் கொல்லத்தில் 16 பக்கங்களுடன் அச்சேறியது. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியனும் மாணவனும் உரையாடும் வினாவிடை நூலாகும். வினாவுதல் பொருளை நோக்கிய முன்னேற்றமேயாயினும், விடையும் நூலிலேயே எழுதப்பட்டிருந்தமையால் அதுவும் மனனத்துக்கு உரியதாயிற்று.

1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் கோயிற்பற்றுத்தோறும் பள்ளி நிறுவி, வராத பிள்ளைகளின் பெற்றோரிடம் தண்டம் அறவிட்டனர். மேற்பார்வைக் குழுவினர் பள்ளிகளுக்குச் சென்று, செபங்களையும் பத்துக் கற்பனைகளையும் வினாவிடையையும் ஒப்புவிக்கச் செய்து மாணவரைச் சோதித்தனர். சமயமும் ஆட்சியும் மாறின. சோதிக்கும் முறை மாறவில்லை.

மேனாட்டாரை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது. நம் திண்ணைப் பள்ளிகளிலும் சொற்கல்வி மனனமாகவே நிகழ்ந்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளையுடையது. அதன் பதினோராந் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை முறையில் நிரல்படுத்துவது. செய்யுள் வடிவம் நினைவுக்குத் துணைநின்றது என்பது உண்மை. எனினும், பல பொருளையும் ஒப்புவித்த மாணவன் எவ்விடத்தில் எப்பொருள் பொருந்தும் என்பதை அறிந்தானா என்பது வேறு வினாவாகும்.

ஆங்கிலேயர் காலத்தில் 1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதன்பின், இங்கிலாந்தில் 1862 முதல் வழங்கிய பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை முறை இலங்கையிலும் புகுந்தது. மாணவரின் வாசிப்பு, எழுத்து, கணிதத் தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிக்குப் பணங் கிடைத்தது. வாசிப்பு நூலை முற்றாக மனனஞ் செய்த பிள்ளையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் சோதகர் முன்னிலையில் ஒன்றாகவே தோன்றக்கூடிய நிலை அம்முறையால் உண்டாயிற்று.

இவ்வாறு சோதிக்கப்பட்ட மன்னார்ச் சிறுவர் சொல்வளம் அற்றவரா? அன்று. ‘பார்’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். நூல் கற்றோன் அதற்கு நோக்கு என்றும் உலகம் என்றும் பொருள் கூறுவான். சிலாவத்துறைக் கரையில் வளர்ந்த பிள்ளையோ, சிப்பி விளையும் கடலடித் தளமும் ‘பார்’ என்பதை அறியும். சலாபம், வாடி, கரைவலை, வத்தை முதலிய சொற்களை அப்பிள்ளை மனனஞ் செய்ததில்லை. தொழிலிடத்திற் கேட்டு, பொருளோடு பொருத்தி, பிறரிடம் வழங்கி அறிந்தது. எந்தச் சோதகரும் இச்சொற்களை வினாவியதாகப் பாடத்திட்டங்கள் காட்டவில்லை.

மனனம் முற்றாக விலக்கற்பாலதன்று. அது சொல்லைக் காக்கும் பெட்டகம். ஆயின், பெட்டகம் உள்ளதென்பது பொருள் உள்ளதென்பதற்குச் சான்றாகாது. புதிய வாக்கியத்தில் வழங்கச் செய்தல், ஒத்த சொல்லிலிருந்து வேறுபடுத்தச் செய்தல், பிள்ளை அறிந்த சொல்லிலிருந்து அறியாத சொல்லுக்கு இட்டுச்செல்லல் ஆகியனவே சொல்லறிவை அளக்குந் தக்க வழிகளாம். ‘வேணும்’ என்பதை மாற்றி எழுதிய 1544ஆம் ஆண்டுக் கடிதம் இன்றைய பாலர் வகுப்பு ஆசிரியரும் நினைவிற் கொள்ளத்தக்கது. தடுமாறாது ஒப்புவிக்கும் பிள்ளையிடமும், ‘இச்சொல்லால் நீ என்ன கருதுகிறாய்?’ என ஒருமுறை வினாவுதல் ஆசிரியர் கடனாகும்.